கடைசிப் பக்கத்துக் கருத்துகள்

என்னிடம் இருக்கும் 'வேர்ல்ட் வார் இஸட்' பிரதிக்கு முன்னட்டை கிடையாது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்கு வாங்கியது. ஹாஸ்டலில் ரூம் ரூமாகப் போய், மூன்று செமஸ்டர் கழித்து என்னிடம் திரும்பி வந்தபோது அட்டை போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒன்று கூடியிருந்தது. புத்தகத்தின் கடைசியில் இருந்த வெற்றுத் தாளில் படித்தவர்கள் எல்லாம் கருத்து எழுதி வைத்திருந்தார்கள். பெயர் இல்லை, ரூம் நம்பர் மட்டும்.

ரூம் 214: "ஹீரோ இல்ல. கதையும் இல்ல. மொக்கை."

ரூம் 109: "எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க. ஜப்பான்காரன், ரஷ்யாக்காரன், அமெரிக்காக்காரன் எல்லாருக்கும் ஒரே வாய்."

ரூம் 220: "யாங்கர்ஸ் சண்டை மட்டும் படி. மத்தத விட்ரு."

அதற்குக் கீழேயே, என்.சி.சி.யில் இருந்த ரூம் 117: "யாங்கர்ஸ்தான் இருக்கறதுலயே டுபாக்கூர். பீரங்கிக் குண்டு விழுந்தா என்ன ஆகும்னு ரைட்டருக்குத் தெரியாது."

ரூம் 112: "முதல் சேப்டர் ஓவர். நோயைக் கண்டுபிடிச்ச டாக்டரையே புடிச்சு மிரட்டுவாங்களா? எந்த ஊர்ல?"

ஓரத்தில் என் கையெழுத்து: "பரவால்ல. படமா எடுத்தா செமையா இருக்கும்."

பதினைந்து வருடம் கழித்து இந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. இந்த நாவலைப் பற்றி உலகம் முழுக்க வாசகர்கள் சொன்னதை எல்லாம் ஆறு பேர் ஒரே தாளில் எழுதிவிட்டோம். ஒவ்வொரு கருத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வரலாறு உண்டு. சிலது நிலைத்தது. சிலதைக் காலம் புரட்டிப் போட்டது. என்னுடையது உட்பட.

*

முதலில் நாவலைப் பற்றிக் கொஞ்சம். எழுதியவர் மேக்ஸ் ப்ரூக்ஸ். நகைச்சுவை இயக்குநர் மெல் ப்ரூக்ஸுக்கும் நடிகை ஆன் பான்கிராஃப்ட்டுக்கும் 1972இல் பிறந்த மகன். 2003இல் 'ஜாம்பி சர்வைவல் கைடு' என்ற புத்தகம் வந்தது. ஜாம்பிகள் வந்தால் எந்த வீட்டில் ஒளிவது, எந்த ஆயுதம் எடுப்பது என்பதையெல்லாம் சிரிக்காத முகத்தோடு சொல்லும் கையேடு. அதற்குப் பிறகு, 2006 செப்டம்பரில் 'வேர்ல்ட் வார் இஸட்'.

ஜாம்பி என்ற சொல் ஹைட்டியின் நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தது. அங்கே ஜாம்பி யாரையும் தின்னாது. மந்திரத்தால் எழுப்பி அடிமையாக வேலை வாங்கப்படும் உடல், அவ்வளவுதான். இன்று நமக்குத் தெரிந்த, கூட்டமாக வந்து கடிக்கிற பிணத்தைக் கொடுத்தது ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படம், 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ரிச்சர்ட் மாத்தசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலிலிருந்துதான் யோசனை வந்தது என்று ரொமேரோ மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மாத்தசனில் கடைசி மனிதன் ஒருவன், வீட்டுக்கு வெளியே ரத்தக்காட்டேரிகள். ரொமேரோவில் ஒரு பண்ணை வீடு, உள்ளே சில பேர். எப்போதும் ஒரு வீடு, ஒரு சிறு கூட்டம். ஊர் முழுக்க, நாடு முழுக்க, உலகம் முழுக்க என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ப்ரூக்ஸ் அதைத்தான் கேட்டார்.

கேட்ட விதம் முக்கியம். நாவலின் துணைத்தலைப்பு 'ஜாம்பிப் போரின் வாய்மொழி வரலாறு'. ஸ்டட்ஸ் டெர்க்கல் என்ற சிகாகோ வானொலிக்காரர், இரண்டாம் உலகப் போரைக் கண்ட சாதாரண அமெரிக்கர்களிடம் டேப் ரெக்கார்டரோடு போய்ப் பேசி, 1984இல் 'தி குட் வார்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ப்ரூக்ஸின் முன்மாதிரி அதுதான். போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஒரு ஆள் நாடு நாடாகப் போகிறான். டாக்டர், சிப்பாய், கள்ளக்கடத்தல்காரன், விமானி, மருந்து வியாபாரி என்று பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். குஜராத்தின் அலங் கடற்கரைகூட உண்டு. உடைப்பதற்காக நிற்கும் பழைய கப்பல்களில் ஏறித் தப்பிக்க ஜனம் கடலில் நீந்துகிறது. ஒருவர் பேச்சு முடிந்தால் அவர் திரும்ப வருவது அபூர்வம்.

ஆக, ரூம் 214 சொன்னது உண்மை. ஹீரோ இல்லை. ஆனால் ஒரு தொற்றுநோயின் வரலாற்றுக்கு ஹீரோ எங்கிருந்து வருவான்? ஹீரோ வேண்டும் என்ற ஆசையை 2013இல் ஹாலிவுட் நிறைவேற்றியது. படமா எடுத்தா செமையா இருக்கும் என்று எழுதியவன் முதல் வாரமே தியேட்டரில் இருந்தேன். பிராட் பிட் உலகத்தைக் காப்பாற்றினார். நாவலில் தள்ளாடி நடந்த ஜாம்பிகள் படத்தில் ஓட்டப்பந்தய வீரர்கள் ஆனார்கள். எறும்புக் குவியலாக ஜெருசலேம் மதிலில் ஏறினார்கள். படத்தின் கடைசிப் பகுதியை முதலில் எடுத்தது சரிவரவில்லை என்று மாற்றி எழுதித் திரும்பவும் எடுத்தார்கள். வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியது. நாவலின் வாசகர்களுக்கு மட்டும், தலைப்பைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்ற எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. படம் விட்டு வெளியே வரும்போது எனக்கு 214இன் ஞாபகம்தான் வந்தது. நீ கேட்ட ஹீரோ வந்துட்டான்டா, புத்தகத்தைக் காணோம்.

*

ரூம் 109இன் புகார்தான் நாவலின் மீது வந்த புகார்களில் வலுவானது. எல்லாக் குரலும் ஒரே குரல். விமர்சகர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பச் சொன்னது இது. நாவலை ரசித்தவர்கள் சொல்லும் பதில்: பேட்டி எடுத்தவன் ஒருவன், பல பேட்டிகள் மொழிபெயர்ப்பு, எழுதிச் சீர்செய்ததும் அவனே, அதனால் குரல் ஒன்றாக இருப்பது இயல்பு. புத்திசாலித்தனமான பதில். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. டெர்க்கலும் ஒற்றை ஆள்தான், அவரே தொகுத்தார், ஆனால் அவர் புத்தகத்தில் தொழிலாளி ஒரு மாதிரியும் தளபதி வேறு மாதிரியும் பேசுகிறார்கள். காரணம் எளிது. அவர்கள் இருந்தார்கள். டேப்பில் மூச்சு விட்டார்கள். ப்ரூக்ஸின் ஆட்களை ப்ரூக்ஸே பேசவைக்க வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு திருப்பம் உண்டு. ப்ரூக்ஸுக்குச் சின்ன வயதிலிருந்தே டிஸ்லெக்சியா. எழுத்துகள் பிடிபடாத பிள்ளைக்காக அவருடைய அம்மா, பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்யும் நிறுவனத்தில் பாடப்புத்தகங்களைக் கொடுத்து கேசட்டில் வாங்கிவந்தார் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். காதால் படித்து வளர்ந்த ஆள். அவருடைய நாவல் ஒலிப்புத்தகமானபோது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர் வந்தார். 'ஸ்டார் வார்ஸ்' மார்க் ஹாமில் சிப்பாயாகப் பேசினார். ஆலன் ஆல்டா, ஜான் டர்டுரோ எல்லாம் இருந்தார்கள். 2013இல் வந்த விரிவான பதிப்பில் மார்ட்டின் ஸ்கோர்செசி ஒரு திருட்டு மருந்து வியாபாரியாகப் பேசுகிறார். தாளில் கிடைக்காத வித்தியாசம் காதில் கிடைத்தது. புத்தகத்தைப் பாதியில் வைத்தவர்கள் சிலர் இதைக் கேட்டு முடித்தார்கள். ஒரு நாவலின் குறையை இன்னொரு ஊடகம் சரிசெய்வது அடிக்கடி நடப்பதில்லை.

*

யாங்கர்ஸ். நியூயார்க்கை ஒட்டிய நகரம். நாவலில் அமெரிக்க ராணுவம் அங்கே ஜாம்பிகளை நேருக்கு நேர் சந்திக்கிறது. உண்மையில் டிவிக்காக ஏற்பாடு செய்த காட்சி அது. டாங்கி, ராக்கெட், போர் விமானம், அத்தனையும் வரிசையில். சுடாத எதிரிக்கு எதிராகப் பதுங்கு குழி தோண்டி மணல் மூட்டை அடுக்குகிறார்கள். முதல் வரிசை விழுகிறது. பின்னால் வரும் லட்சக்கணக்கானவை நிற்கவில்லை. பயப்படத் தெரியாத எதிரியைப் பயமுறுத்தும் ஆயுதம் என்ன செய்யும்?

2006இல் அமெரிக்க வாசகர்களுக்கு இது எங்கே உறைத்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. 'அதிர்ச்சியும் திகைப்பும்' என்று பெயர் வைத்து 2003 மார்ச்சில் ஈராக்கில் இறங்கிய ராணுவம் மூன்று வருடமாக அங்கே சிக்கியிருந்தது. 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது கூரைமேல் நின்றவர்களைப் பல நாள் யாரும் வந்து பார்க்கவில்லை. யாங்கர்ஸ் ஜாம்பிகளைப் பற்றியது என்று நாங்கள் நினைத்தோம். அங்கே படித்த பலருக்கு அது செய்தி மாதிரி இருந்திருக்கும்.

அப்படியானால் ரூம் 117? அவன் தனி ஆள் இல்லை. ராணுவ விஷயம் தெரிந்த வாசகர்கள் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். மூளை அடிபட்டால்தான் ஜாம்பி சாகும் என்பது சரி, ஆனால் குண்டின் சிதறல் கையையும் காலையும் பிய்த்தெறியும், கால் இல்லாத ஜாம்பி எப்படி யாங்கர்ஸைப் பிடிக்கும்? நியாயமான கேள்வி. நாவலின் இயற்பியல் அந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. ஆனாலும் அமெரிக்கக் கடற்படைப் போர்க்கல்லூரி ப்ரூக்ஸைப் பேசக் கூப்பிட்டது. வெஸ்ட் பாயின்ட்டில் இருக்கும் நவீனப் போர் ஆய்வு நிறுவனம் அவரைத் தன் ஆய்வாளர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குப் பீரங்கியைப் பற்றி ப்ரூக்ஸிடம் கற்க எதுவும் இல்லை. போன போருக்கான தயாரிப்போடு அடுத்த போருக்குப் போகும் பழக்கத்தைப் பற்றிக் கேட்க இருந்தது.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு யாங்கர்ஸில் வேறொன்று உறுத்தும். ஒவ்வொரு சிப்பாயும் கண்ணருகே ஒரு சின்னத் திரையோடு வலையமைப்பில் இணைந்திருக்கிறான். ஒருவன் பார்ப்பதை எல்லோரும் பார்க்கலாம். அமைப்பு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. அதனால்தான் ஒரு மூலையில் ஒருவன் கடிபடும் காட்சியும் அலறலும் எல்லோருடைய காதுக்கும் கண்ணுக்கும் போய், மொத்தப் படையும் ஓடுகிறது. சிஸ்டம் ஃபெயில் ஆகவில்லை, மச்சி. எழுதினபடியே ஓடியது.

*

ரூம் 112இன் கேள்விக்கு வருவோம். நாவல் சீனாவில் தொடங்குகிறது. மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீரில் பழைய ஊர் மூழ்கிவிட்ட இடத்தில், ஒரு ஏழைக் கிராமத்துக்கு டாக்டர் குவாங் ஜிங்ஷூ போகிறார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அவர் பழைய நண்பர் ஒருவருக்குப் போன் செய்கிறார். கொஞ்ச நேரத்தில் பாதுகாப்புத் துறை ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அதோடு விஷயம் மூடப்படுகிறது. நோய் மட்டும் மூடப்படவில்லை.

எந்த ஊர்ல? பதில், நாங்கள் அந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு முன்பே இருந்தது. 2003இல் சார்ஸ் பரவியபோது பெய்ஜிங்கில் சில நோயாளிகள்தான் என்று அரசு சொன்னது. ஜியாங் யான்யோங் என்ற ராணுவ மருத்துவர், தன் மருத்துவமனைகளில் இருக்கும் எண்ணிக்கையே அதைவிட அதிகம் என்று ஊடகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். அடுத்த வருடம், தியானன்மென் பற்றி இன்னொரு கடிதம் எழுதியதற்காக ஜியாங்கையே பிடித்து வைத்தார்கள். ப்ரூக்ஸ் தன் முதல் அத்தியாயத்துக்கு சார்ஸைத்தான் ஆதாரமாக வைத்துக்கொண்டார்.

பிறகு 2019 டிசம்பர் 30. வுஹானில் லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர், கூடப் படித்தவர்களின் குழுவில் ஒரு எச்சரிக்கை போட்டார். 2020 ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில், வதந்தி பரப்பியதாக எழுதிய கண்டனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். முப்பதுகளின் தொடக்கம், இன்றைய என் வயதுக்குக் கிட்டத்தட்ட. அதே மாதக் கடைசியில் ப்ரூக்ஸ் ஒரு அமெரிக்க நாளிதழில் எழுதினார்: சீனப் பதிப்பு போட வந்த பதிப்பாளர் சீனா வரும் பகுதிகளை நீக்கச் சொன்னார், தான் மறுத்துவிட்டேன், அதனால் புத்தகம் அங்கே வரவில்லை என்று.

லாக்டவுனில் நான் அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். உலகத்தில் நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். 'தீர்க்கதரிசி' என்றார்கள். அந்தப் பாராட்டிலும் ஒரு சௌகரியம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. சீனா அத்தியாயத்தை மட்டும் பகிர்ந்தவர்கள், சில பக்கம் தள்ளி வரும் அமெரிக்காவை விட்டுவிட்டார்கள். அங்கே ஃபாலங்ஸ் என்று ஒரு தடுப்பூசி. வெறிநாய்க்கடிக்கான மருந்து அது. இந்த நோய்க்குப் பலிக்காது என்று விற்பவனுக்குத் தெரியும். அரசும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் ஜனம் நிம்மதியாக இருக்கிறது. 2021இல் போலி ரெம்டெசிவிர் குப்பிகள் பிடிபட்ட செய்திகளைப் படித்த நமக்கு அந்த வியாபாரி புதியவன் இல்லை. நாவல் ஒரு நாட்டைக் குற்றம் சொல்லவில்லை. வரிசையாக எல்லோரையும் சொல்கிறது. வாசகர்கள்தான் அவரவருக்கு வேண்டிய அத்தியாயத்தைக் கிழித்துக்கொண்டார்கள்.

*

எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூட முன்னுரையைப் பற்றி எழுதவில்லை. நானும் மூன்றாவது வாசிப்பில்தான் அதில் நின்றேன்.

அந்தப் பேட்டியாளன் ஐ.நா.வுக்காக ஒரு அறிக்கை தயாரித்தவன். அறிக்கை வெளிவந்தபோது கிட்டத்தட்டப் பாதி இல்லை. தலைவி நீக்கிவிட்டார். எண்களும் உண்மைகளும் போதும், மனிதர்களின் உணர்ச்சி அதில் எதற்கு என்கிறார். அவன் சண்டை போடுகிறான். அப்படியானால் அதைத் தனியாகப் புத்தகமாகப் போடு என்று அவரே சொல்கிறார். நாம் படிப்பது, அறிக்கையிலிருந்து வெட்டியெறிந்த பகுதி.

இந்த வெட்டை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதும் நாவலுக்குள் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பால் ரெடெக்கர் என்றொருவன், நிறவெறி ஆட்சிக்காலத்து ஆள், உணர்ச்சிதான் மனித குலத்தின் ஒரே குறை என்று நம்புகிறவன். அவன் திட்டப்படி எல்லோரையும் காப்பாற்ற முடியாது. ஒரு பகுதியைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோ. மற்றவர்களை அங்கங்கே விட்டுவை, ஜாம்பிகள் அவர்கள் பின்னால் போகட்டும். திட்டம் வேலை செய்கிறது. ஒவ்வொரு நாடும் அதைக் காப்பி அடிக்கிறது. அந்த அத்தியாயத்தின் முடிவைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன் என்பது மட்டும் ஞாபகம்.

மூடிவைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்து எழுந்த பிறகு ஒரு அறிக்கை எழுதுவோம். பெயரே போஸ்ட்மார்ட்டம். எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை நிமிடம், மூல காரணம் என்ன, திரும்ப நடக்காமல் என்ன செய்யலாம். யாரையும் பழி சொல்லக்கூடாது என்பது விதி. நல்ல விதி. அதனால் ஆட்களின் பெயரே வராது.

2021 மே மாதம் ஒரு ராத்திரி எங்கள் சர்வர் விழுந்தது. அன்றைக்கு டியூட்டியில் இருந்த நண்பர் எச்சரிக்கை வந்து 40 நிமிடம் கழித்துத்தான் லேப்டாப்பைத் திறந்தார். அறிக்கை எழுதியது நான். "பணியில் இருந்தவர் தந்தைக்காக ஆக்சிஜன் சிலிண்டர் வரிசையில் நின்றிருந்தார்" என்று ஒரு வரி எழுதினேன். மேலே அனுப்பினேன். "இது தனிப்பட்ட விஷயம், அறிக்கைக்குத் தேவையில்லை" என்று ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. நாவலில் வரும் அந்தத் தலைவியைப் போலத்தான். வரியை நானே நீக்கினேன். "பதிலளிப்பதில் தாமதம்: 40 நிமிடம்" என்பது மட்டும் நின்றது. அந்த வாரக் கடைசியில் அவர் அப்பா போய்விட்டார். அந்த வருடத்தின் மதிப்பீட்டில் 40 என்ற எண் திரும்ப வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

நாவலில் தலைவி வெட்டியதைத் தனிப் புத்தகமாகப் போட ஒரு ஆள் இருந்தான். நாங்கள் அப்படி எதையும் எழுதவில்லை.

*

கடைசியாக, எங்கள் பக்கத்தில் யாருமே தொடாத ஒரு அத்தியாயம். ஜப்பானில் கோண்டோ தாட்சுமி என்ற பையன். எப்போதும் கம்ப்யூட்டர் முன்னால். நோய் பரவும்போது அவன் பயப்படவில்லை, தகவல் சேகரிக்கிறான். எந்த நாட்டில் என்ன நடக்கிறது, ரத்தத்தில் என்ன மாற்றம், எல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். கதவுக்கு வெளியே அம்மா சாப்பாடு வைப்பாள். ஒரு நாள் சாப்பாடு இல்லை. பசிக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரிகிறது. அம்மாவும் அப்பாவும் வீட்டில் இல்லை என்பது உறைக்க, இன்டர்நெட் நிற்க வேண்டியிருந்தது.

ஹாஸ்டலில் நாங்கள் அத்தனை பேரும் ஏறக்குறைய அந்தப் பையன்தான். அதனால்தான் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை போல.

போன மாதம் பக்கத்தைப் படம் எடுத்து ஹாஸ்டல் நண்பர்களுக்கு அனுப்பினேன். ரூம் 112, இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா, ஒரே ஒரு வரி போட்டான்: "நான் எழுதினத அடிச்சிருடா." ரூம் 117 மட்டும் அசையவில்லை: "பீரங்கி விஷயத்துல நான் சொன்னதுதான் கரெக்ட்." இருவருக்கும் சரி என்றேன். ஆனால் எதையும் அடிக்கவில்லை. அன்றைக்கு அப்படித்தான் படித்தோம் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

தாளின் அடியில் இரண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. நண்பருக்குப் போன் செய்து, எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 40 இல்லை, சிலிண்டர் கிடைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதே போன் அடித்தது, அதனால் 35 நிமிடம்தான் வரிசை என்று திருத்தினார். அப்படியே எழுதினேன்.